‘த்ரெட்’ என்ற சொல்லோடு பட்ட பாடு

1. ட்ரீட் கொடுத்தவர்கள்

அன்று காலை நான் டீயைக் கூடக் குடித்து முடிக்கவில்லை. வக்கீல் மகேந்திரன் மாடிப்படி ஏறி வந்து, ஒரு கட்டுத் தாளை என் மேசையில் போட்டார். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரே ஒரு ஆங்கிலச் சொல். ‘ட்ரீட்’.

“நீங்களே வாசிச்சுப் பாருங்க மேடம்,” என்றார்.

வாசித்தேன். தினமும் சாயங்காலம் சில ஆட்கள் வந்து மனுதாரருக்கு ட்ரீட் கொடுத்தார்கள் என்று இருந்தது. அடுத்த பத்தியில், இப்படித் தொடர்ந்து ட்ரீட் கொடுப்பதால் மனுதாரர் நிம்மதி இழந்து தவிக்கிறார் என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில், மேற்படி ட்ரீட்டிலிருந்து அவரைக் காப்பாற்றப் போலீஸ் பாதுகாப்பு தரவேண்டும் என்று கோர்ட்டைக் கேட்டிருந்தார்கள்.

‘த்ரெட்’ என்று வரவேண்டிய இடமெல்லாம் ட்ரீட். மிரட்ட வந்தவர்கள் எல்லாரும் விருந்து வைக்க வந்தவர்களாகிவிட்டார்கள். வக்கீல் ஆபீஸ் ஜூனியர் ஓர் இடத்தில் ‘h’ எழுத்தை விட்டுத் தட்டியிருக்கிறார். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லியிருக்கிறார். அது சொன்னபடி செய்துவிட்டது. பதிவுப் பிரிவில் மனுவைப் பார்த்த ஊழியர் சிரித்துக்கொண்டே வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

வக்கீலுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனு கொடுத்த பெண் கீழே ஜெராக்ஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விடிகாலையில் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர். இன்று மனு உள்ளே போய்விடும் என்று நம்பி வந்தவர். அந்த ஒரு சொல்லால் அவருக்கு ஒரு நாள் வீண். அன்று சாயங்காலமும் அந்த ஆட்கள் வந்து நிற்பார்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், தெருவில் பேசியது தமிழ், பிழைப்பு நடந்தது இங்கிலீஷில். டைப்ரைட்டிங் முடித்ததும் பழைய ஜில்லா கோர்ட் பக்கம் வேலைக்குச் சேர்ந்தேன். ஹைகோர்ட் கிளை மதுரைக்கு வந்த பிறகு ஒத்தக்கடையில் ஒரு மாடி அறை எடுத்து, சொந்தமாக மேசை போட்டேன். புகார், வாக்குமூலம், கிரையப் பத்திரம், பஞ்சாயத்துத் தீர்மானம் எல்லாம் அந்த மேசையில் தமிழிலிருந்து இங்கிலீஷுக்கும், இங்கிலீஷிலிருந்து தமிழுக்கும் போய் வந்தன. சமீபத்தில்தான் போதும் என்று நிறுத்தினேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னைப் பார்த்தால் எந்த அகராதி வாங்கலாம் என்று கேட்கிறார்கள். அகராதி எதையாவது வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கேஸை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள்.

2. பாதை சரியில்லை

அந்தப் பெண்ணின் பெயர் பஞ்சவர்ணம். நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்துகொண்டு, மாதம் ஒரு முறை ஊருக்கு வந்து போகிறவர். ஊரில் வயலைப் பார்ப்பது பஞ்சவர்ணம். ஒரே மகள், மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள். தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள்.

ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு கல் குவாரி. குவாரியிலிருந்து மெயின் ரோட்டுக்கு லாரி வரச் சுற்றுப்பாதை உண்டு. பஞ்சவர்ணத்தின் வயல் ஓரமாக வந்தால் தூரம் குறைவு. வரப்பை வெட்டிப் பாதை விடச் சொல்லிக் கேட்டார்கள். இவர் முடியாது என்றார். அடுத்த வாரம் வரப்பின் மேல் ஜல்லி கொட்டிக் கிடந்தது. இவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தார். அதற்கப்புறம்தான் சாயங்காலங்களில் ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள்.

மகள் பஸ் இறங்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு ஒரு மண் பாதை. அங்கேதான் நிற்பார்கள். கை ஓங்கியதில்லை. கெட்ட வார்த்தை பேசியதில்லை. ஒரே ஒரு நாள், அவர்களில் ஒருவன் பஞ்சவர்ணத்திடம் பேசினான். அவர் அதை என்னிடம் சொன்னபோது அவன் குரலிலேயே சொன்னார்.

“மதினி, புள்ள அஞ்சரை பஸ்ஸுலதான வருது? பாதை சரியில்ல. பாத்து வரச் சொல்லுங்க.”

அவ்வளவுதான் அவன் பேசியது.

இதைக் கேட்டதும் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மதுரைப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் இந்தப் பேச்சுக்கு விளக்கம் வேண்டியதில்லை. இதை இங்கிலீஷில் எழுதும்போதுதான் தகராறு ஆரம்பிக்கிறது. ஜூனியர் அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி எழுதியிருந்தார். ரோடு நன்றாக இல்லை, உங்கள் மகளைக் கவனமாக வரச் சொல்லுங்கள் என்று இருந்தது. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. படித்தால் அவன் நெடுஞ்சாலைத் துறை ஊழியர் என்றுதான் தோன்றும்.

தமிழ்ப் புகாரும் சரியில்லை. அதை எழுதிக் கொடுத்தவர் ஸ்டேஷன் வாசலில் மனு எழுதுகிற ஒருவர். அவருக்கு ஒரு வாய்பாடு உண்டு. எந்தச் சண்டையாக இருந்தாலும் ‘கொலை மிரட்டல் விடுத்தனர்’ என்று முடிப்பார். பஞ்சவர்ணத்தின் புகாரையும் அப்படியே முடித்திருந்தார். விசாரித்த போலீஸ்காரர், கொல்லுவேன்னு யாரும்மா சொன்னது என்று கேட்டிருக்கிறார். பொய் சொல்லத் தெரியாத பஞ்சவர்ணம், அப்படி யாரும் சொல்லலை என்றிருக்கிறார். அப்புறம் என்னம்மா என்று புகாரை முடித்துவிட்டார்கள்.

ஆக, தமிழில் ஒருவர் இல்லாததை ஏற்றி எழுதினார். இங்கிலீஷில் இன்னொருவர் இருந்ததை இறக்கி எழுதினார். நடுவில் இந்தப் பெண் பஸ் ஸ்டாப்பில் மகளுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

3. மெனஸ், டேஞ்சர், பெரில்

மகேந்திரன் நல்ல மனிதர். ஏழை எளியவர்கள் வந்தால் முகம் சுளிக்கமாட்டார். ஆனால் அவருக்கு இங்கிலீஷ் மேல் ஓர் ஆசை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால் படிக்கிறவருக்கு அலுத்துவிடும் என்று நினைப்பவர். அந்த ஒரு சொல்லைத் திருத்தத்தான் என்னிடம் கொடுத்திருந்தார். ட்ரீட்டையெல்லாம் த்ரெட்டாக்கி நான் அனுப்பிய மனுவை அவர் அன்றே இன்னொரு முறை திருத்தினார். முதல் பத்தியில் த்ரெட் இருந்தது. இரண்டாவதில் மெனஸ். மூன்றாவதில் டேஞ்சர். கோரிக்கையில் பெரில்.

போனில் கூப்பிட்டு, ஏன் சார் இப்படி என்று கேட்டேன். எல்லாம் ஒரே அர்த்தம்தானே மேடம், கொஞ்சம் வெரைட்டி இருக்கட்டும் என்றார். கல்யாணப் பந்தியில் பொரியல் வைப்பது மாதிரி பேசுகிறார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் மனு அதற்குள் உள்ளே போய்விட்டது.

அரசுத் தரப்பிலிருந்து அறிக்கை வந்தது. நான் பயந்தபடியே இருந்தது. மெனஸ் என்ற சொல் கொசுத் தொல்லை, நாய்த் தொல்லைக்குப் பயன்படுவது, மனுதாரருக்கு ஏதோ இடைஞ்சல் இருப்பதாகவே தெரிகிறது என்று ஒரு வரி. டேஞ்சர் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆனால் என்ன ஆபத்து என்று சொல்லவில்லை என்று ஒரு வரி. கடைசியாக ஒன்று. சம்பந்தப்பட்ட நபர்கள் மனுதாரர் மகளின் பாதுகாப்பில் அக்கறை காட்டியே பேசியுள்ளனர், ஆகவே த்ரெட் எதுவும் இல்லை.

அக்கறை. அந்த இங்கிலீஷ் வரியை நான் கண்ணாடியைக் கழற்றி மாட்டி மறுபடி வாசித்தேன். எழுதியவர் யாரோ தெரியாது. அவருக்கும் வீட்டில் பேச்சு தமிழாகத்தான் இருக்கும். அந்த வாக்கியத்தைத் தமிழில் கேட்டிருந்தால் அவர் அப்படி எழுதியிருக்கமாட்டார். எங்கள் தரப்பு இங்கிலீஷைத்தான் அவர் படித்தார். அதில் அக்கறைதான் இருந்தது.

நீதிபதி, த்ரெட் என்னவென்று தெளிவாகச் சொல்லிக் கூடுதல் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யுங்கள் என்று ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். மகேந்திரன் என் அறைக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். இந்தத் தடவை நீங்களே எழுதுங்க மேடம் என்றார்.

4. கூட்டம்

எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒரு பழக்கம். கை ஓடவில்லை என்றால் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பேன். என்னிடம் கனமான பழைய இங்கிலீஷ் அகராதி ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு சொல்லின் பிறப்பும் வளர்ப்பும் இருக்கும். வக்கீல் எதிரில் இருக்கும்போதே அதை எடுத்துப் பிரித்தேன். ஒரே அர்த்தம் என்றாரே, அதைக் காட்டிவிட வேண்டும் என்ற கடுப்பும் இருந்தது.

மெனஸ் லத்தீனிலிருந்து வந்த சொல். அதன் வேர், மேலே இருந்து துருத்திக்கொண்டு நிற்பதைக் குறித்தது. தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிற பாறையை நினைத்துக்கொள்ளலாம். இன்னும் விழவில்லை, ஆனால் கீழே நிற்க முடியாது. டேஞ்சர் பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் அதற்கு ஆபத்து என்ற பொருளே இல்லை. ஒரு பிரபுவுக்குத் தன் ஆட்கள் மேல் இருந்த அதிகாரம் என்றுதான் பொருள். ஒருவருடைய டேஞ்சரில் இருப்பது என்றால், அவர் நினைத்தால் கெடுதல் செய்யலாம் என்ற நிலையில் இருப்பது.

அப்புறம் த்ரெட். இது இங்கிலீஷின் சொந்தச் சொல். மிகப் பழைய இங்கிலீஷில் அதற்குக் கூட்டம் என்று பொருள். ஆள் கூட்டம், படை. கூட்டம் வந்தால் நெருக்கும், தள்ளும். அதனால் நெருக்குதல் என்ற பொருள் வந்தது. நெருக்கினால் எதிரில் இருப்பவர் பணிந்துதான் போகவேண்டும். அப்படித்தான் மிரட்டல் என்ற பொருளில் வந்து நின்றது. தள்ளு, நெருக்கு என்ற பொருளுள்ள வேறு சில சொற்களும் இதே வேரிலிருந்து வந்தவை என்று அகராதி சொன்னது.

நான் நம் சொல்லையும் யோசித்தேன். மிரட்டல், மிரள்வதிலிருந்து வந்தது. மாடு மிரள்கிறது, அதை மிரள வைத்தால் மிரட்டுதல். நம் சொல் மிரண்டவரைப் பார்க்கிறது. அவர்கள் சொல் வந்து நிற்கிற கூட்டத்தைப் பார்க்கிறது. இரண்டிலும் வாயைத் திறந்து பேசவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதையெல்லாம் மகேந்திரனிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மேடம், இது ஆயிரம் வருஷத்துக் கதை. ஜட்ஜ் கேக்குறது இன்னைக்கு அர்த்தம். அகராதியைத் தூக்கிட்டுப் போய் அங்க வாசிக்கவா முடியும்?” என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஒரு சொல் எங்கே பிறந்தது என்பது சாட்சியம் ஆகாது. ஆனால் எனக்கு அதில் வேறு ஒன்று கிடைத்தது. நாங்கள் எல்லாரும் பஞ்சவர்ணத்திடம், அவன் என்ன சொன்னான், என்ன சொன்னான் என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். கூட்டத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எத்தனை பேர், எங்கே நின்றார்கள், எப்படி நின்றார்கள் என்று ஒரு வரி கூட மனுவில் இல்லை.

கீழே பெஞ்சில் காத்திருந்த பஞ்சவர்ணத்தை மேலே கூப்பிட்டேன். அந்தப் பாதையைக் காட்டச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு என் மேசையை வீடு என்றார். கதவை பஸ் ஸ்டாப் என்றார். இரண்டு நாற்காலிகளை நகர்த்தி நடுவில் கொஞ்சம் இடம் விட்டார். இதுதான் பாதை, ரெண்டு பக்கமும் கருவேல முள்ளு என்றார். அந்த இடைவெளியின் இரண்டு ஓரத்திலும் அவர்கள் நிற்பார்களாம். சில நாள் ஆறு பேர், சில நாள் பத்துப் பேர்.

“ஒதுங்க மாட்டாகம்மா. பேசவும் மாட்டாக. செல்போனப் பாத்துக்கிட்டே நிப்பாக. எம்மக தோளச் சாச்சுக்கிட்டு நடுவால வரணும்,” என்றார். சொல்லிவிட்டு, மகள் மாதிரி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தோளைத் திருப்பி, அந்த நாற்காலிகளுக்கு நடுவே நடந்து காட்டினார்.

மகேந்திரன் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் எழுதிக்கொண்டே, அவர்களை முன்பின் தெரியுமா என்று கேட்டேன். பஞ்சவர்ணம் ஜன்னல் பக்கம் பார்த்தார். வக்கீல் மறுபடி கேட்டதும், தெரியும் என்றார். எல்லாரும் உள்ளூர்தான். பாதிப் பேர் குவாரியில் வேலை செய்கிறவர்கள். அதில் ஒருவன் அவருடைய சொந்த அக்கா மகன்.

“அவன் ஒரு நாளும் என் மொகத்தப் பாத்ததில்ல. குனிஞ்சுக்கிட்டே நிப்பான்,” என்றார். “மத்தவுகளக் கண்டு எனக்குக் கோவந்தாம்மா வந்துச்சு. அவனக் கண்டபெறகுதான் பயம் வந்துச்சு.”

வக்கீல் உடனே பேனாவை எடுத்தார். பெயர் என்ன, அப்பா பெயர் என்ன என்றார். சொந்த அக்கா மகனே எதிராக நின்றான் என்றால் இதைவிட வலுவான விஷயம் கிடையாது, இதை முதல் பத்தியிலேயே போடுவோம் என்றார். பஞ்சவர்ணம் எழுந்துவிட்டார்.

“அவன் பேர எழுதுனா எங்கக்கா வாசல நான் மிதிக்க முடியாது. கேஸே வேண்டாம்யா. நான் வாரேன்,” என்று பையை எடுத்தார்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. யார் மேல் எரிச்சல் என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. உதவிக்கு வந்தவர் அவசரப்படுகிறார். உதவி கேட்டவர் முழுக்கச் சொல்லமாட்டேன் என்கிறார். எனக்கோ, எழுதவேண்டியது கண்ணெதிரே இருக்கிறது, எழுதக் கூடாது. வக்கீலை வாயை மூடச் சொல்லி, பஞ்சவர்ணத்தை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தேன். பெயர் எழுதவில்லை என்று உறுதி சொன்னேன். கடைசியில், வந்து நின்றவர்கள் மனுதாரருக்குத் தெரிந்தவர்கள் என்று மட்டும் எழுதினேன். பாதையின் அகலம், முள், நின்ற விதம், மகள் நடந்த விதம் எல்லாவற்றையும் எழுதினேன். பாதை சரியில்ல என்றவன் பேசியதைத் தமிழிலேயே ஆங்கில எழுத்தில் எழுதி, கீழே அதன் பொருளையும் எழுதினேன். மெனஸ், டேஞ்சர், பெரில் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

மகேந்திரன் படித்துப் பார்த்தார். த்ரெட் ஓர் இடத்தில்தானே இருக்கிறது என்றார். அது போதும் என்றேன். தெரிந்தவர்கள் என்று எழுதினால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்வார்கள் மேடம் என்றார். நான் தாள்களைச் சேர்த்து அவர் கையில் கொடுத்தேன்.

5. தெரிஞ்ச ஆளுக

விசாரணைக்கு நானும் போனேன். மொழிபெயர்ப்பில் சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்று மகேந்திரன் கூட்டிப்போனார். பஞ்சவர்ணம் கடைசி வரிசையில் மகளோடு நின்றார்.

மகேந்திரன் பயந்தது அப்படியே நடந்தது. அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, வந்து நின்றவர்கள் தெரிந்தவர்கள் என்று மனுதாரரே ஒப்புக்கொள்கிறார் என்றார். ஒரே ஊர், உறவுமுறை சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், ஊர்ப் பாதையில் ஊர்க்காரர்கள் நிற்பது எப்படி த்ரெட் ஆகும் என்று கேட்டார். கெட்டிக்காரத்தனமாகத்தான் பேசினார். மகேந்திரன் பதிலுக்கு எழுந்து, பழைய தீர்ப்புகளை எடுத்துவைத்தார். இருவரும் த்ரெட் என்றால் என்ன என்று இங்கிலீஷில் மாறி மாறிப் பேசினார்கள். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தமிழ்தான் தாய்மொழி, என் ஒருத்தியைத் தவிர. எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார். தமிழில் அந்த ஆள் என்ன சொன்னான், அதை வாசியுங்கள் என்றார். அரசு வக்கீல் தாளைத் தூக்கிப் பிடித்தார். மதினி, புள்ள அஞ்சரை பஸ்ஸுலதான வருது என்று சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார். பாதை சரியில்ல என்ற இடத்துக்கு வந்ததும் அவர் குரல் தானாகத் தாழ்ந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அந்த வாக்கியத்தை நம் ஊரில் பிறந்தவர் வேறு மாதிரி வாசிக்க முடியாது. கடைசி வரியை முடித்துவிட்டு அவர் நீதிபதியைப் பார்க்கவில்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி பின்வரிசையைப் பார்த்து, மனுதாரர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். பஞ்சவர்ணம் முன்னால் வந்தார். கைகூப்பிக்கொண்டே நின்றார். எல்லாரும் தெரிந்தவர்கள் என்று எழுதியிருக்கிறதே, தெரிந்தவர்களிடம் என்னம்மா பயம் என்று நீதிபதி தமிழில் கேட்டார்.

அக்கா மகனைச் சொல்லிவிடுவாரோ, சொல்லாமல் என்ன சொல்லப் போகிறார் என்று இரண்டு பயமும் இருந்தது. பஞ்சவர்ணம் மகளை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு சத்தம் போடாமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“தெரியாதவன் வந்து நின்னா, ஊருல நாலு பேரு யாருடா நீ, என்னான்னு கேப்பாகய்யா. தெரிஞ்சவனே வந்து நின்னா யாருய்யா கேப்பா?”

நீதிபதி அவரை உட்காரச் சொன்னார். அரசு வக்கீலிடம், இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று அவர் தலையசைத்தார். நீதிபதி அங்கேயே உத்தரவைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

6. மறுபடி தமிழுக்கு

உத்தரவின் நகல் வந்ததும் ஆவலோடு பிரித்தேன். அந்தப் பெண் சொன்னது அதில் இருக்கும் என்று ஒரு நப்பாசை. மனுதாரருக்கு ‘த்ரெட் பர்செப்ஷன்’ இருப்பதாக இந்த நீதிமன்றம் கருதுகிறது என்று ஒரே வரி. மற்றதெல்லாம் போலீஸுக்கு இட்ட கட்டளைகள். சாயங்காலம் ரோந்து போகவேண்டும், அங்கே நிற்பவர்களை விசாரிக்கவேண்டும், பாதை விவகாரம் சிவில் கோர்ட்டில் முடியும் வரை மனுதாரரின் வரப்பில் யாரும் கை வைக்கக் கூடாது. தேவையானதெல்லாம் இருந்தது. குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் நாங்கள் பட்ட பாடு அத்தனையும் இரண்டு சொல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டதைப் பார்த்து எனக்குப் பெருமூச்சுதான் வந்தது.

பஞ்சவர்ணம் அதைத் தமிழில் கேட்டார். வி.ஏ.ஓ. ஆபீஸிலும் பஞ்சாயத்திலும் காட்டவேண்டும் என்றார். நான் உட்கார்ந்தேன். த்ரெட் பர்செப்ஷன் என்பதற்கு ஆபீஸ் தமிழில் ‘அச்சுறுத்தல் கண்ணோட்டம்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதைப் படித்தால் கண்ணோட்டம் யாருக்கு, மிரட்டியவனுக்கா, மிரண்டவருக்கா என்று சந்தேகம் வரும். நான் அதை எழுதி, அடித்தேன். வேறு இரண்டு மூன்று எழுதி, அவற்றையும் அடித்தேன். கடைசியில், ‘மனுதாரர் பயப்படக் காரணம் இருக்கிறது என்று இந்த நீதிமன்றம் கருதுகிறது’ என்று எழுதினேன்.

மகேந்திரன் சரிபார்க்கும்போது, மேடம், த்ரெட்டையே காணோமே என்றார். தேடிப் பாருங்கள் சார், இருக்கும் என்றேன். அவர் இன்னொரு முறை படித்துவிட்டு, கையெழுத்துக்கு வைத்தார்.

இதற்கப்புறம் நடந்ததையும் சொல்லவேண்டும். ரோந்து வண்டி சில வாரம் வந்தது. ஆட்கள் நிற்பது நின்றது. லாரிகள் சுற்றுப்பாதையில் போகின்றன. வரப்பு கேஸ் இன்னும் நடக்கிறது. அக்கா மகன் கல்யாணத்துக்குப் பஞ்சவர்ணம் போயிருக்கிறார். பந்தியில் அவனே வந்து இலை போட்டானாம். அப்போதும் அவன் நிமிர்ந்து பார்க்கவில்லையாம். இவரும் அவனை எதுவும் கேட்கவில்லையாம்.

தமிழ் நகலை வாங்க வந்த அன்று, அந்த ஒரு வரியை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தடவை என்றார். வாசித்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஊருல அம்புட்டுப் பேரும், நீ வெட்டியாப் பயப்படுறன்னுதாம்மா சொன்னாக. எம் புருசனும் போன்ல அதத்தான் சொன்னாரு,” என்றார். “இத மொதல்ல அவருக்கு வாசிச்சுக் காட்டணும்.”

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். த்ரெட் என்றோ, மிரட்டல் என்றோ, அச்சுறுத்தல் என்றோ எழுதக் கை நீளும்போது கொஞ்சம் பொறுங்கள். யார் வந்தார்கள், எவ்வளவு கிட்டத்தில் நின்றார்கள், என்ன குரலில் பேசினார்கள், அவர்களில் யாரைப் பார்த்ததும் அந்த ஆளுக்குப் பயம் வந்தது என்று கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். எழுதக் கூடாது என்று சொன்னால் அதை எழுதாமல் விடுங்கள், ஆனால் மனதில் வைத்துக்கொண்டு மற்றதை எழுதுங்கள். அந்தப் பெரிய சொல் கடைசியில் வரட்டும். வராமலே போனாலும் ஒன்றும் குறைந்துவிடாது.